யார் ஊற்றியது என்று அப்புறம் பார்க்கலாம், முதலில் அள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடு என்று வருடம் தவறாமல் உங்கள் பேப்பரில் ஒரு படம் வரும். நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில், இரண்டு பக்கமும் அதிகாரிகள். கீழே செய்தி: இத்தனை மோட்டார் பம்பு தயார், இத்தனை படகு தயார், நிவாரண முகாம் தயார், மரம் அறுக்கிற மெஷின் தயார். குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வடசென்னையில் எண்ணூர்ப் பக்கம் உட்கார்ந்து அதைப் படிக்கிறவன் ஒவ்வொரு வருடமும் ஒரு வரியைத் தேடுகிறான். வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தால் என்ன தயார்? அந்த வரி என் கண்ணில் இன்னும் படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வெட்டுவதானால் பின்னால் வெட்டாமல் நடுவில் வெட்டுங்கள்.

நான் கத்திவாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவது, எழுத வராதவர்களுக்கு மனு எழுதித் தருவது, இதுதான் பிழைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு சில நாள் கரண்ட் இல்லை. வந்ததும் கடையைத் திறந்தேன். வந்தவர்களில் பாதிக்கு மேல் குப்பத்து ஆட்கள், காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், சிவன்படை குப்பம், அப்புறம் எர்ணாவூர்ப் பக்கத்து ஜனங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் என்று ஒரு கேரி பேக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள். கார்டை வாங்கிக் கண்ணாடி மேல் வைத்து எடுத்தேன், கண்ணாடியில் கட்டைவிரல் ரேகை அச்சுக் குத்தினமாதிரி கறுப்பாக நிற்கிறது. துணியால் துடைத்தால் இழுவிக்கொண்டு போகிறது. ஸ்பிரிட் போட்டேன், தின்னர் போட்டேன், கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்த பிறகுதான் கொஞ்சம் விட்டது. அப்படியும் அந்த வாரம் நான் போட்ட ஒவ்வொரு நகலிலும் வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு.

ஒரு அம்மா இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். மனு வாங்கின இடத்தில் “நகல் தெளிவா இல்லை, வேற எடுத்துட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குள் எண்ணெய் வந்துவிட்டது என்று கொடுத்த மனு, எண்ணெய் பட்டிருக்கிறது என்று திரும்பி வந்தது. எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே உட்கார்ந்து மனு வாங்கினவரும் அந்த வாரம் வீட்டுக்கு ஒழுங்காகப் போயிருக்க மாட்டார், அவர் தெருவிலும் தண்ணீர் நின்றிருக்கும். அந்த அம்மாவுக்கு வேறு நகல் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை, அதிலும் கோடு இருந்தது.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வெளியூர் வாசகர்களுக்கு மறந்திருக்கும். டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் கொட்டித் தீர்த்தது. புயல் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. மணலி தொழிற்பேட்டையில் தேங்கின மழைநீர் வடிகாலில் இறங்கி, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, அங்கிருந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து கடலில் கலந்தது. அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. மணலியில் இருக்கிற சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்துதான் மழைநீரோடு வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே, சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கிற பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. குழாயில் கசிவே இல்லை என்று ஆலைத் தரப்பு முதலில் சொல்லிக்கொண்டிருந்தது. பெயரை நான் எழுத வேண்டியதில்லை, அப்போது எல்லாப் பேப்பரிலும் வந்ததுதான். முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் மட்டும் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை சொன்னது.

கடலுக்குப் போனது போகட்டும், கழிமுகத்தில் நின்றதுதான் எங்களுக்குத் தலைவலி. கழிமுகத்துத் தண்ணீர் ஒரு திசையில் போகிற தண்ணீர் இல்லை. ஏற்றத்தில் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும், தினமும் இதே கதை. எண்ணெயும் கூடவே போய்க் கூடவே வரும். ஒவ்வொரு தடவை வந்துபோகும்போதும் கரைச் சேற்றில் ஒரு படை, அலையாத்திச் செடியின் அடித்தண்டில் ஒரு படை, கட்டிப்போட்டிருக்கிற ஃபைபர் படகின் பக்கவாட்டில் ஒரு படை. எர்ணாவூரில் வீட்டுச் சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று டேப் பிடித்து அளக்கவே வேண்டாம், கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பறவைகள் படம் வந்த பிறகுதான் நிறையப் பேருக்கு எண்ணூர் எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது.

அள்ளினது யார்? குப்பத்து ஆட்கள். எதில் அள்ளினார்கள்? பக்கெட், மக்கு, வெறும் கை. முதல் நாட்களில் கையுறைகூட இல்லை. படகில் போய், மேலே மிதக்கிறதை மக்கால் மொண்டு பேரலில் ஊற்றினார்கள். வேலை கொஞ்சமாவது சூடு பிடிக்க ஒரு வாரம் ஆனது. இதில் எனக்கு வயிறு எரிவதற்குக் காரணம், 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக்கொண்டபோதும் இதே பக்கெட்டைத்தான் பார்த்தோம். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், ராக்கெட் விடுகிற நாட்டில் எண்ணெயை வாளியில் அள்ளுகிறார்கள் என்று மீம்ஸ் போட்டார்கள். ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து, அதே கடற்கரை, அதே வாளி. கப்பல் மோதுவது எப்போது என்று யாருக்கும் தெரியாது, சரி. ஆனால் புயல் அப்படி இல்லை. வானிலை மையம் சில நாள் முன்பே சொல்லிவிட்டது. டிசம்பர் 4-ஆம் தேதிக்கு நான்கு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறையே விட்டார்கள். மழை வரும் என்று தெரிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்ட முடிந்தது, எண்ணெய் இருக்கிற வளாகத்தின் மழைநீர் வடிகால் வாய்க்கு ஒரு தடுப்பு போட முடியவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். ஒவ்வொரு தடவையும் இதற்கு “சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்” என்று ஒரு அறிக்கை வரும். எனக்குச் சட்டப் படிப்பு கிடையாது. ஆனால் மனு எழுதுகிறவனுக்கு எந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் மனு ஒரு மேஜை தாண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அந்த வழக்கத்தில் எடுத்துப் படித்தேன். படித்துப் பார்த்தால் புதிதாக ஒன்றுமே வேண்டாம் போலிருக்கிறது.

2005-ஆம் வருடத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், சுனாமிக்குப் பிறகு வந்தது. பேரிடர் என்றால் என்ன என்று அதன் ஆரம்பத்திலேயே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். இயற்கையால் வந்தாலும் சரி, மனிதனால் வந்தாலும் சரி, விபத்தோ அலட்சியமோ எதுவாக இருந்தாலும், உயிர், சொத்து, சுற்றுச்சூழல் இவற்றுக்குப் பெரிய சேதம் வந்து ஊர் ஜனங்களால் சமாளிக்க முடியாமல் போனால் அது பேரிடர். அலட்சியம், சுற்றுச்சூழல், இரண்டு வார்த்தையும் அதில் இருக்கிறது. எண்ணூரில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினமாதிரி இருக்கிறது. அந்தச் சட்டத்தில் கலெக்டர் தலைமையில் இருக்கிற மாவட்ட ஆணையம் எந்தத் துறை அதிகாரிக்கும் வேலை சொல்லலாம், அவர் செய்தே ஆகவேண்டும், இது 33-வது பிரிவு. பேரிடர் நேரத்தில் என்னென்ன செய்யலாம் என்று 34-வது பிரிவில் நீளமான பட்டியலே இருக்கிறது. 50-வது பிரிவில் டெண்டர் இல்லாமலே அவசரமாகச் சாமான் வாங்கலாம். 65-வது பிரிவில் தனியார் வண்டி, இடம், பொருள் எதையும் மீட்பு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதற்கான பணத்தைப் பின்னால் கொடுக்கலாம்.

இந்தச் சட்டம் வேலை செய்யுமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். கொரோனா காலத்தில் இதே சட்டத்தைக் காட்டித்தான் ஊரையே பூட்டினார்கள். என் கடை, எதிரே டீக்கடை, முனையில் சலூன், ஒரே நாளில் ஷட்டர் இறங்கியது. ஒரு ஜெராக்ஸ் கடையை மூட முடிந்த சட்டத்துக்கு ஒரு வடிகால் ஷட்டரை மூடத் தெரியாதா?

அடுத்தது 1974-ஆம் வருடத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டம். இதில் 32-வது பிரிவை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்தாலோ எதிர்பாராத நிகழ்ச்சியாலோ ஆற்றிலோ ஓடையிலோ கெட்ட சரக்கு கலந்துவிட்டால், உடனே நடவடிக்கை தேவை என்று மாநில வாரியத்துக்குப் பட்டால், காரணத்தை எழுத்தில் குறித்துவைத்துவிட்டு வாரியமே இறங்கி அதை அகற்றலாம், சேதத்தைக் குறைக்கிற வேலையைச் செய்யலாம், ஊற்றுகிறவனை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லலாம். ஓடை என்றால் ஆறு மட்டும் இல்லை, கழிமுகமும் அதில் அடக்கம், கால்வாயும் அடக்கம். 33ஏ பிரிவில் கரண்ட்டைக்கூட வெட்டச் சொல்லலாம். செலவு யாருடையது என்ற கேள்விக்கு 1986-ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 9-வது பிரிவு பதில் வைத்திருக்கிறது. அரசு தன் செலவில் சரிசெய்துவிட்டு, பிறகு சம்பந்தப்பட்டவரிடம் வட்டியோடு வசூலித்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள், வட்டியோடு. இந்தச் சட்டங்களை எழுதினவர்கள் ஒன்றைத் தெளிவாக நினைத்திருக்கிறார்கள்: முதலில் அள்ளு, பிறகு பில் போடு. நம்மிடம் நடந்தது தலைகீழ். முதல் வாரம் முழுக்க எந்தக் குழாய், யார் எண்ணெய், கசிவா வழிவா, சாம்பிள் எடுத்தாயா, அறிக்கை வந்ததா என்று போனது. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நாளைக்கு நஷ்டஈடு கேட்க சாம்பிள்தான் சாட்சி. ஆனால் சாம்பிள் எடுக்கிறவன் ஒரு பக்கம் எடுக்கட்டும், தடுப்பு போடுகிறவன் இன்னொரு பக்கம் போடட்டும். தீ பிடித்த வீட்டில் யார் பீடி குடித்தது என்று விசாரித்துவிட்டா தண்ணீர் ஊற்றுவார்கள்?

வாரியம் சும்மா இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆய்வு செய்தார்கள், ஆலைக்கு உத்தரவு போட்டார்கள், தீர்ப்பாயத்தில் அறிக்கை வைத்தார்கள். ஆனால் உத்தரவு போடுவதும் தானே இறங்கிச் செய்வதும் வேறு வேறு. அள்ளுகிற வேலை முக்கால்வாசி ஆலைத் தரப்பிடமும் அவர்கள் பிடித்த ஆட்களிடமும்தான் இருந்தது. யாருடைய எண்ணெய் என்று சந்தேகப்படுகிறோமோ அவரே எப்போது, எவ்வளவு அள்ளுவது என்று பார்த்துக்கொள்ளும்போது வேகம் எப்படி வரும்? ஏழு நாளில் சேற்றுக்குள் இறங்கினது இறங்கினதுதான், அதை எந்த மெஷினும் உறிஞ்சாது.

ஏன் யாரும் முதல் நாளே கை வைப்பதில்லை? நான் பார்த்த வரையில் காரணம் எளிது, கதவு அதிகம். மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. பக்கிங்காம் கால்வாயும் ஆறும் நீர்வளத் துறைக்கு. கழிமுகத்துக்குத் தெற்குக் கரை சென்னை மாவட்டம், வடக்குக் கரை திருவள்ளூர் மாவட்டம், ஆக இரண்டு கலெக்டர். அலையாத்திக் காடும் பறவையும் வனத்துறைக்கு. மீனவர் மீன்வளத் துறைக்கு. தண்ணீரின் தரம் வாரியத்துக்கு. ஆலையோ மத்திய அரசு நிறுவனம். கடலில் எண்ணெய் கொட்டினால் கடலோரக் காவல்படைக்குத் தேசிய அளவில் திட்டம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, எண்ணெய் பரவாமல் தண்ணீர் மேல் போடுகிற மிதவைத் தடுப்பு இருக்கிறது, ஆனால் அது கடலுக்கு. முட்டளவு தண்ணீர் நிற்கிற கழிமுகத்துச் சேற்றுக்குள் கப்பல் வருமா? நடுவில் மாட்டிக்கொண்ட இந்த இடத்துக்கு முதல் மணி நேரத்தில் யார் அதிகாரி என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியாது. அதிகாரிகளைக் கேட்டாலும் ஒரே பதில் வருமா என்பது சந்தேகம்தான்.

விசாகப்பட்டினத்தில் 2020 மே 7-ஆம் தேதி விடியற்காலை பாலிமர் ஆலையில் வாயு கசிந்தது ஞாபகம் இருக்கும். மறுநாளே பசுமைத் தீர்ப்பாயம் முதல்கட்டமாக 50 கோடி ரூபாய் கலெக்டரிடம் கட்டு என்று ஆலைக்கு உத்தரவு போட்டது. விசாரணை முடியவில்லை, தப்பு யார் மேல் என்று தீர்மானம் ஆகவில்லை, பணத்தைக் கட்டு, மற்றதைப் பிறகு பேசலாம். தீர்ப்பாயச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது, விபத்து என்றால் தப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே பொறுப்பைச் சுமத்தலாம். வழி இருக்கிற இடத்தில் ஒரே நாளில் காரியம் நடக்கிறது, அதை நாம் பார்த்திருக்கிறோம்.

பணத்துக்கு வருகிறேன், மனு எழுதுகிறவனிடம் ஜனங்கள் அதைத்தான் கேட்பார்கள். புயலுக்காக ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள், டிசம்பர் 17-ஆம் தேதி ஆரம்பித்தது. எண்ணெய்ப் பாதிப்புக்குத் தனியாக மாநில அரசு 8 கோடியே 68 லட்சம் ரூபாய் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கொடுத்தது கொடுத்ததுதான், அந்த நேரத்தில் அடுப்பு எரிய அது உதவியது, நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் எண்ணெய் பிடித்த வலையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? துவைத்தால் போகாது, வெயிலில் போட்டால் இன்னும் இறுகும். கயிறு தடித்து, கண்ணி அடைத்து, தூக்கினால் தார் பூசின சாக்கு மாதிரி கனக்கும். அப்படியே சுருட்டிக் கரையில் போட்டுவிட்டார்கள். வெள்ளம் போனால் பாயைக் காயவைத்து மறுபடி விரிக்கலாம், இதில் காயவைக்க ஒன்றுமில்லை.

அப்புறம், படகு இருக்கிறவன் கணக்கில் வருவான், சங்கத்தில் இருக்கிறவன் வருவான். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிறவர் எந்தக் கணக்கு? என் கடைக்கு வந்து மனு எழுதச் சொன்னவர்களில் இவர்கள்தான் அதிகம். “தொழில்” என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டால், “மீனுன்னு எழுதுப்பா” என்பார்கள். அந்த மாதம் முழுக்க நல்ல மீனையும் யாரும் வாங்கவில்லை. எங்கிருந்து வந்த மீன் என்று கேட்பார்கள், எண்ணூர் என்றால் நகர்ந்துவிடுவார்கள். எந்தத் துறையாவது மீனைப் பரிசோதனை செய்து, இது சாப்பிடலாம், இது வேண்டாம் என்று வாரம் ஒரு தாள் மார்க்கெட்டில் ஒட்டியிருந்தால் அந்தப் பெண்களுக்குப் பாதி நஷ்டம் குறைந்திருக்கும். ஒரு தாள் நகல் எடுக்க என்ன செலவு என்று எனக்குத் தெரியும்.

இதில் இன்னொரு சிக்கல். மாநிலப் பேரிடர் நிதி என்று ஒன்று இருக்கிறது, 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநில அரசு போடுவது. எதற்கெல்லாம் அதிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு பட்டியல்: புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர். பனிச்சரிவுகூட இருக்கிறது, எண்ணெய் இல்லை. ஆக, தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் பேரிடர், தண்ணீரில் மிதந்து வந்த கறுப்புக்கு அந்த நிதியில் இடமில்லை. ஆனால் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. பட்டியலில் இல்லாததையும் தன் மாநிலத்துக்குரிய பேரிடர் என்று மாநில அரசு அறிவித்தால், நிதியில் 10 சதவீதம் வரை அதற்குச் செலவு செய்யலாம். 2024-ல் தமிழ்நாடு வெப்ப அலையை அப்படித்தான் அறிவித்தது. வெயிலுக்குச் செய்ததை வெள்ளத்தோடு வருகிற எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் செய்ய ஒரு அரசாணை போதும். யாரும் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அதற்காக ஆலையின் பொறுப்பை மக்கள் பணத்தில் கழித்துவிடக் கூடாது, அந்தப் பணம் முதல் வாரத்துச் சோற்றுக்கு, பில் ஆலைக்கு, முன்னால் சொன்னமாதிரி வட்டியோடு.

ஆலையை மூடு என்று நான் எழுதவில்லை, அப்படி எடுத்துக்கொண்டு யாரும் பதில் கடிதம் போட வேண்டாம். என் தம்பி மகன் மணலியில் கான்ட்ராக்ட் வேலைக்குத்தான் போகிறான், எங்கள் தெருவில் பாதிச் சோறு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. நான் கேட்பது சின்ன விஷயம். புரட்டாசி முடிவதற்குள் வாரியத்து இன்ஜினியர் ஒருவர், மாநகராட்சி இன்ஜினியர் ஒருவர், குப்பத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து மணலியின் மழைநீர் வடிகால்களை வாய் முதல் கால்வாய் வரை ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். எந்த வளாகத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் எங்கே தேங்குகிறது, மழை எவ்வளவு பெய்தால் அது வழியும், வழிந்தால் எந்த வடிகாலில் இறங்கும் என்று ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். கால்வாய் கழிமுகத்தில் சேருகிற இடத்தில் மிதவைத் தடுப்பை ரெட் அலர்ட் வந்த அன்றே கட்டட்டும், எண்ணெய் வந்த பிறகு லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம், அதுவும் தண்ணீர் நிற்கிற ரோட்டில். பெருவெள்ளத்தில் தடுப்பு தாங்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஓடுகிற வெள்ளத்தில் முழுக்கத் தாங்காது. ஆனால் வெள்ளம் ஓரிரு நாளில் வடிந்துவிடும், அதற்குப் பிறகு ஏற்றத்திலும் வற்றத்திலும் எண்ணெய் உள்ளே வெளியே ஆடின அத்தனை நாளும் தாங்கியிருக்கும். கூடவே அந்தத் தடுப்பைக் கட்டத் தெரிந்த பத்து பேர் உள்ளூரில் இருக்க வேண்டும். கழிமுகத்தின் நீரோட்டம் குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு முன்னாலேயே பயிற்சி கொடுத்து, கையுறை, பூட்ஸ், மாஸ்க் கொடுத்து, நாள் கூலி இவ்வளவு என்று எழுதிக்கொடுத்து வைத்துக்கொள்ளலாமே. எப்படியும் கடைசியில் அவர்களைத்தான் கூப்பிடப் போகிறீர்கள்.

இரண்டு கலெக்டர், ஏழு துறை என்ற பிரச்சினைக்கு ஒரே மருந்து, எண்ணூர் கழிமுகத்துக்கு மழைக்காலம் முழுவதும் ஒரு அதிகாரியின் பெயர் இருக்க வேண்டும். நீர்ச் சட்டத்து 32-வது பிரிவையும் பேரிடர் சட்டத்து 34-வது பிரிவையும் அவர் கையில் கொடுத்து, முதல் 24 மணி நேரம் யாரையும் கேட்காமல் உத்தரவு போடலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 2025-ல் பேரிடர் சட்டத்தைத் திருத்தி மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்று தனியாக வைக்கலாம் என்றார்கள். அது இன்னொரு மேஜை, இன்னொரு தண்ணீர் பாட்டில் என்று ஆகாமல் இருந்தால் இந்த வேலையை அதற்கே கொடுக்கலாம்.

இதை எழுதும்போது அதே 2023 டிசம்பர் 26-ஆம் தேதி ராத்திரியும் நினைவுக்கு வருகிறது. எண்ணெய் வாடையே போகவில்லை, அதற்குள் உர ஆலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் நடுராத்திரி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அது வேறு கதை, இன்னொரு கடிதத்துக்கு ஆகும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். முன்னேற்பாட்டுக் கூட்டம் மறுபடி நடக்கும்போது உங்கள் நிருபர் அங்கே போவார், படம் எடுப்பார், பம்பு எத்தனை, படகு எத்தனை என்று குறித்துக்கொள்வார். கூடவே ஒரே ஒரு கேள்வி கேட்டுவரச் சொல்லுங்கள்: எண்ணூர் முகத்துவாரத்தில் இன்றைய தேதிக்கு எத்தனை மீட்டர் மிதவைத் தடுப்பு இருக்கிறது, அது எந்த ரூமில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது? பதிலை அப்படியே போடுங்கள். நான் அதை வெட்டி, நகல் எடுத்து, குப்பத்துக்கு ஒன்று என்று ஒட்டிவிடுகிறேன். கண்ணாடி மாற்றிவிட்டேன், இப்போது கோடு விழுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
கத்திவாக்கம், சென்னை.